மவுண்டன் பைக்கில் செயின் கழல்கிறதா? செயின் கைடு தேர்வு முதல் மாட்டுவது வரை

பெடலோடு சுழலும் முன் பல்சக்கரமான செயின்ரிங்கிலிருந்து செயின் கழலாமல் காக்க ஃப்ரேமில் மாட்டும் சிறு கூடுதான் செயின் கைடு. அதை வாங்கி வந்த பிறகுதான் பலர் ஃப்ரேமைக் குனிந்து பார்க்கிறார்கள். மாட்டுவதற்குத் துளையே இருக்காது. இருந்தாலும் கைடின் துளையோடு சேராது. முதல் முறை நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஃப்ரேமில் மூன்று துளை, கைடிலும் மூன்று துளை, அப்புறம் என்ன என்று வாங்கிவிட்டேன். ஒரு போல்ட் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் துளைக்குப் பக்கத்தில் உலோகத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

அதனால் இந்த வழிகாட்டியில் கைடு கடைசியில்தான் வரும். செயின் எதனால் விழுகிறது, ஃப்ரேமில் எங்கே இடம் இருக்கிறது, செயின்ரிங் எவ்வளவு பெரியது, இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் கைடு தேர்வு பெரும்பாலும் தானே முடிந்துவிடும். முன்னால் ஒரே செயின்ரிங் உள்ள பைக்கை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற வகைகளுக்கு 7-ஆம் பகுதியைப் பாருங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

4, 5, 6 மி.மீ. அல்லன் கீ, டி25 நட்சத்திரக் கீ, பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் கழற்றும் கருவி (பல கிராங்குகளுக்கு 8 மி.மீ. அல்லன் கீயே போதும்), எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், இரும்பு அளவுகோல், நடுத்தரப் பிடிப்புள்ள திரெட்லாக்கர் பசை. பின் சஸ்பென்ஷன் உள்ள பைக்கானால் ஷாக் பம்பும் வேண்டும்.

டார்க் ரெஞ்சை இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள். கைடு உட்காரும் மரை பெரும்பாலும் அலுமினியம். கை பலத்தில் ஓர் அழுத்து அதிகமானால் மரை அறுந்துவிடும். அறுந்தது கைடின் மரை என்றால் இன்னொன்று வாங்கலாம், ஃப்ரேமின் மரை என்றால் சிக்கல்.

இன்னொன்று: பைக்கைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த பகுதியில் கீறல்களைத் தேடப் போகிறோம், சேறு அவற்றை மறைத்துவிடும்.

2. செயின் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்

முன்னோக்கி மிதிக்கும்போது செயின் பின்சக்கரத்திலிருந்து மேல்வழியாக வந்து செயின்ரிங்கின் உச்சியில் ஏறுகிறது, அடியில் இறங்கி, பின்னால் கியர் மாற்றும் டீரெய்லியருக்குப் போகிறது. தடம் மாறுவது பெரும்பாலும் ஏறும் இடத்தில்தான். குலுக்கலில் செயின் ஒரு பல் அளவு தூக்கிக்கொண்டு வந்து, பல்லின் மேல் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அரைச் சுற்றுக்குள் முழுச் செயினும் வெளியே. மேல் கைடு இருப்பது அந்த ஏறும் இடத்தைக் காவல் காக்கத்தான்.

விழுந்த செயினை உடனே எடுத்து மாட்டிவிடாதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். செயின்ரிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கிடந்தால் உள்பக்கம் விழுந்திருக்கிறது. கிராங்க் கையின் மேல் கிடந்தால் வெளிப்பக்கம். அப்போது எந்த கியரில் இருந்தீர்கள், மிதித்துக்கொண்டிருந்தீர்களா, சும்மா உருண்டீர்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கியர் ஏன் முக்கியம்? பின்சக்கரத்தில் உள்ள பெரிய பல்சக்கரத்தில் செயின் உள்பக்கமாகச் சாய்ந்து போகிறது, அதனால் உள்ளே விழவே பார்க்கும். சிறியதில் சாய்வு வெளிப்பக்கம். மேட்டு வழியில் பெரிய பல்சக்கரத்தில் உள்ளே விழுகிறது என்றால் சாய்வையும் செயின்லைனையும் (ஃப்ரேமின் நடுவிலிருந்து செயின்ரிங் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) சந்தேகப்படலாம். இறக்கத்தில் சிறிய பல்சக்கரத்தில் வெளியே விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் குலுக்கலும் தளர்ச்சியும். கைடு நன்றாக உதவுவது இந்த இரண்டாவது வகைக்கு.

ஏற்கெனவே பல முறை விழுந்திருந்தால் பைக்கே சொல்லிவிடும். கிராங்கின் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து வெள்ளிக் கோடுகளாக இருந்தால் உள்பக்கம். கிராங்க் கையின் உள்முகத்தில், செயின்ரிங்கை ஒட்டி வளைவான கீறல்கள் இருந்தால் வெளிப்பக்கம்.

பின்னோக்கி மிதிக்கும்போது மட்டும் பெரிய பல்சக்கரத்திலிருந்து செயின் கீழிறங்குகிறதா? அது வேறு கதை. அங்கே செயின் தடம் மாறுவது பின் பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட்டில். முன்னால் எந்தக் கைடு போட்டாலும் அது நிற்காது. இதற்காகக் கைடு வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. கைடு இல்லாமலே தீரக்கூடியவற்றை முதலில் தீருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தேய்ந்த செயின்ரிங்கின் மேல் புதிய கைடு மாட்டினால், செயின் விழாமல் கைடின் கூட்டுக்குள்ளேயே சிக்கி முறுக்கிக்கொள்ளும். அதை நடுவழியில் எடுப்பது, விழுந்த செயினை மாட்டுவதை விடப் பெரிய வேலை.

செயின் தேய்மானம். சாதாரண அளவுகோலே போதும். ஓர் ஊசியின் நடுவிலிருந்து தொடங்கி 12 முழு இணைப்புகளை அளங்கள். ஓர் அகல இணைப்பும் ஒரு குறுகிய இணைப்பும் சேர்ந்து ஒரு முழு இணைப்பு. புதிய செயினில் இது 304.8 மி.மீ. வரும். 306.3-ஐ எட்டிவிட்டால் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 வேகச் செயின்களை மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

செயின்ரிங்கின் பல். ஒற்றை ரிங்குகளில் பல் ஒன்று அகலம், அடுத்தது குறுகல் என்று மாறி மாறி வரும். செயினின் வெளி இணைப்பில் இடைவெளி அதிகம், அதில் அகலப் பல் நிறைந்து உட்காரும். உள் இணைப்பில் குறுகிய பல். பக்கவாட்டில் செயினைப் பிடித்து வைப்பது இந்த நிறைவுதான். அகலப் பற்களின் தோள்கள் தேய்ந்து, எல்லாப் பற்களும் ஒரே மாதிரி தெரிந்தாலோ, பல் சுறாத் துடுப்பு போல ஒரு பக்கம் வளைந்திருந்தாலோ ரிங்கை மாற்றுங்கள். ரிங் புதிது, ஆனாலும் விழுகிறது என்றால் செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அகலப் பல் உள் இணைப்புக்குள் நுழையாது. செயின் பல்லின் மேல் ஏறி நிற்கும், குனிந்து பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியும். கடையில் அவசரத்தில் மாட்டிக் கொடுத்த பைக்குகளில் இதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.

கிளட்ச். பின் டீரெய்லியரில் செயினை இழுத்துப் பிடிக்கும் தொங்கு பகுதிதான் கேஜ், அது தளர்ந்து ஆடாமல் தடுப்பது கிளட்ச். கேஜைக் கையால் முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கிளட்ச் வேலை செய்தால் நன்றாக எதிர்க்கும். சுலபமாகப் போனால், ஷிமானோ டீரெய்லியர்களில் சிறிய நெம்புகோல் அணைந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது அதை அணைத்துவிட்டு மறந்துபோவது மிகச் சாதாரணம். போட்டிருந்தும் தளர்வாக இருந்தால் கிளட்சின் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும், அல்லது சர்வீஸ் செய்ய வேண்டும். ஸ்ராம் டீரெய்லியர்களில் கிளட்சை அணைக்கும் நெம்புகோல் கிடையாது, கேஜை முன்னால் பூட்டி வைக்கும் பொத்தான் மட்டும்தான். அங்கே தளர்ச்சி தெரிந்தால் தேய்மானம்தான்.

செயின் நீளம். சிறிய பல்சக்கரத்தில் வைத்தால் கீழ்ச் செயின் தொங்குகிறதா? தொங்கினால் நீளம் அதிகம். ஆனால் பின் சஸ்பென்ஷன் பைக்கில் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. சக்கரம் மேலே வரும்போது பல ஃப்ரேம்களில் பின் அச்சு கிராங்கிலிருந்து விலகிப் போகும், செயினுக்கு அந்த நீளம் வேண்டும். ஷாக்கின் காற்றை இறக்கி, பின்சக்கரத்தை முழுதாக மேலே தள்ளி, பெரிய பல்சக்கரத்தில் வைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள். காற்றை இறக்கும் முன் அழுத்தத்தைக் குறித்து வைக்க மறக்காதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விழுகிறது என்றால் கைடு தேவை. சரியாக இருப்பதால் இப்போது விழவே இல்லை, ஆனால் கற்கள் நிறைந்த இறக்கத்தில்தான் உங்கள் சவாரி என்றாலும் ஒரு மேல் கைடு போடலாம். எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான்.

4. ஃப்ரேமில் எங்கே மாட்ட முடியும்

கைடுகளில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை உங்கள் விருப்பத்தை விட ஃப்ரேம்தான் அதிகம் முடிவு செய்கிறது. செயின்ரிங்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் கிராங்கைக் கழற்றுங்கள்; எப்படியும் பின்னால் கழற்றப் போகிறீர்கள்.

பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, மரை போட்ட மூன்று காதுகள் இருந்தால் அது ஐஎஸ்சிஜி, கைடு மாட்டுவதற்கென்றே உள்ள தரநிலை. இதில் பழையது, 05 என்று இரண்டு உண்டு. 05-இன் துளைகள் பழையதை விடப் பெரிய வட்டத்தில் இருக்கும், அதனால் ஒன்றின் கைடு மற்றதில் உட்காராது. தொடக்கத்தில் நான் சொன்ன சம்பவம் இதனால்தான். இப்போதைய ஃப்ரேம்களில் இருப்பது பெரும்பாலும் 05. பழைய ஃப்ரேம் என்றால் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்துவிடுங்கள். மூன்று இடத்தில் பிடிப்பதால் அடியைத் தாங்கக்கூடிய மாட்டும் முறைகளில் இதுதான் நம்பகமானது.

காதுகள் இல்லை, ஆனால் பாட்டம் பிராக்கெட் மரையிட்ட வகை என்றால், பேரிங் இருக்கும் கப்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கைடு கிடைக்கும். செயின் பக்கம் இருக்கும் 2.5 மி.மீ. ஸ்பேசருக்குப் பதிலாக அந்தத் தகடு உட்காரும். ஸ்பேசரே இல்லாமல் கப் நேராக ஃப்ரேமில் உட்கார்ந்திருந்தால் தகட்டுக்கு இடமில்லை. கட்டாயப்படுத்தி நுழைத்தால் கிராங்க் தள்ளிப்போய் செயின்லைன் மாறிவிடும். இதன் இன்னொரு பலவீனம், பலமாக ஓர் அடி விழுந்தால் தகடு சுழன்றுவிடும். அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட் வகையில் இந்த வழி பொதுவாக நடக்காது.

இருக்கைக்குக் கீழே இறங்கும் ஃப்ரேம் குழாயான சீட் டியூபின் அடிப்பகுதியில், ஃப்ரண்ட் டீரெய்லியருக்கென்று விட்ட மரைத் துளைகள் இருக்கலாம். ஹை டைரக்ட் மவுண்ட், இ-டைப் என்பவை அவை. மேல் கைடு மட்டும் போட இது அழகான இடம். கிராங்கைக் கழற்றக்கூடத் தேவைப்படாது.

எதுவுமே இல்லை என்றால் சீட் டியூபைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப். குழாயின் வெளிவிட்டத்தை அளங்கள். வழக்கமான அளவுகள் 28.6, 31.8, 34.9 மி.மீ. குழாய் உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா என்று இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அடிப்பகுதியில் முட்டை வடிவம் கொண்ட குழாய்கள் நிறைய. கார்பன் குழாயில் தயாரிப்பாளர் அனுமதிக்கவில்லை என்றால் கிளாம்ப் போடாதீர்கள், நசுங்கிவிடும்.

5. பல் எண்ணிக்கையும் செயின்லைனும்

ஒவ்வொரு கைடுக்கும் ஓர் எல்லை உண்டு: 28 முதல் 34 பல், 30 முதல் 36 பல் என்பது போல. செயினின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி 12.7 மி.மீ. என்பதால், ஒரு பல் கூடினால் ரிங்கின் ஆரம் சுமார் 2 மி.மீ. கூடுகிறது. 30-லிருந்து 34-க்குப் போனால் 8 மி.மீ. கைடின் நீள்துளையில் அந்த 8 மி.மீ. நகரும் இடம் இருக்க வேண்டும். பின்னால் ரிங்கை மாற்றும் எண்ணம் இருந்தால் இன்றைய ரிங் எல்லையின் நடுவில் வருமாறு வாங்குங்கள்.

செயின்லைன் என்பது ஃப்ரேமின் மையக் கோட்டிலிருந்து செயின்ரிங்கின் பற்கள் வரை உள்ள தூரம். மவுண்டன் பைக்கில் 49, 52, 55 மி.மீ. ஆகியவை வழக்கம். கைடு எந்தத் தூரத்துக்குள் உட்காரும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். 49-க்குச் செய்த பழைய கைடை 55-இல் வைத்தால், வாஷரை அடுக்கி அடுக்கி வெளியே தள்ள வேண்டிவரும். போல்ட்டின் பிடி மரையில் குறைந்துகொண்டே போகும். இரண்டு, மூன்று மி.மீ. வாஷருக்கு மேல் தேவைப்பட்டால் அந்தக் கைடு உங்களுக்கானதில்லை என்று விட்டுவிடலாம்.

6. எவ்வளவு கைடு வேண்டும்

மேல் கைடு மட்டும் போதுமா, அடியில் தகடும் வேண்டுமா, உருளையும் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு மேல் கைடு மட்டுமே போதும் என்பது என் கருத்து. அகல-குறுகல் ரிங்கும் கிளட்சும் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்கின்றன. மீதிப் பாதி, ஏறும் இடத்தைக் காப்பது. மேல் கைடு செயினைத் தொடாமல் நிற்கும், அதனால் மிதிப்பதில் கனமும் கூடாது, சத்தமும் வராது.

அடித்தகடு செயின் கழல்வதற்கான மருந்தில்லை. ரிங்கைக் காப்பாற்றுவது அதன் வேலை. மரக்கட்டை, பாறை மேல் ஏறி இறங்கும்போது ரிங்கின் அடிப்பல் முதலில் மோதும். ஒரு பல் வளைந்தால் செயின் அடுத்த சுற்றிலேயே துள்ளும். உங்கள் ரிங்கின் அடியில் ஏற்கெனவே நசுங்கிய பல்முனைகள் இருந்தால் தகடு வேண்டும், இல்லாவிட்டால் சுமைதான். அடி எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். ஃப்ரேமில் மாட்டிய தகடு அடியை ஐஎஸ்சிஜி காதுகளுக்கு அனுப்புகிறது. கிராங்கோடு சேர்ந்து சுழலும் வளையம் அதைக் கிராங்குக்கும் பேரிங்குக்கும் அனுப்புகிறது. காது உடைந்தால் ஃப்ரேம் வேலை. அந்தக் காரணத்தால் சில ஃப்ரேம்களில் காதுகளைத் தனித் துண்டாகக் கழற்றி மாற்றும்படி செய்திருக்கிறார்கள். உங்களுடையது அப்படியானால் தைரியமாகத் தகடு போடலாம்.

கீழ் உருளை அல்லது கீழ் வழிகாட்டி, இறங்கும் செயினை ரிங்கின் மேல் அழுத்தி இன்னும் சில பற்களைப் பிடிக்க வைக்கும். கடும் இறக்கப் பந்தயத்துக்கு அது சரி. சாதாரணப் பாதையில் மிதித்து ஏறி இறங்குபவருக்கு, எந்நேரமும் செயின் உரசும் சத்தமும் சேறு அடைவதும்தான் மிச்சம்.

அடித்தகடோடு சேர்ந்த கைடு வாங்கினால், தகட்டின் எல்லையைத் தனியே பாருங்கள். மேல் கைடு 36 பல் வரை ஏற்று, தகடு 34 பல் வரை மட்டுமே மறைக்கலாம்.

7. தனியாகப் பார்க்க வேண்டிய பைக்குகள்

ஓவல் செயின்ரிங்: சுழலும்போது ரிங்கின் உயரம் ஏறி இறங்கும். கைடை மிக உயர்ந்த இடத்துக்கு வைக்க வேண்டும், தாழ்ந்த இடத்தில் இடைவெளி கூடுவது தவிர்க்க முடியாது. ஓவலுக்கு ஏற்றது என்று சொன்ன கைடையே வாங்குங்கள். பல் எல்லையில் ஒரு படி மேலே போவதும் நல்லது. 32 பல் ஓவலின் உச்சி ஏறக்குறைய 34 பல் வட்ட ரிங்கின் இடத்துக்கு வரும்.

ஹை பிவட் ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனின் சுழல் அச்சு உயரத்தில் இருப்பது): மேல்செயின் ஒரு தனி உருளையின் மேல் ஏறி வருவதால் சாதாரண மேல் கைடு அதில் முட்டும். ஃப்ரேம் தயாரிப்பாளர் கொடுத்த கைடைத் தவிர வேறு எதையும் முயல வேண்டாம்.

முன்னால் இரண்டு ரிங்: மேல்பக்கத்தை ஃப்ரண்ட் டீரெய்லியர் காக்கிறது. உள்ளே விழுவதை மட்டும் தடுக்க, சீட் டியூபில் மாட்டும் சிறு தடுப்பான் போதும்.

மோட்டார் உதவியுள்ள மவுண்டன் பைக் (இ-பைக்): கைடு மோட்டார் உறையில் மாட்டப்படும், துளைகள் மோட்டாருக்கு மோட்டார் வேறு. அந்த மோட்டாருக்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

8. மாட்டும் வரிசை

கைடு கையில் வந்ததும் போல்ட் போட அவசரப்படாமல், முதலில் துளைகளுக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஃப்ரேமின் வெல்டிங் மேடு, பிவட் போல்ட், கேபிள் எதையாவது தொடுகிறதா? தொட்டால் இப்போதே திருப்பித் தரலாம். கீறல் விழுந்த பிறகு எவரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

அ. செயினைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, ரிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கிராங்கைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆ. மரைத் துளைகளைத் துடைத்து, போல்ட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள். புதிய ஃப்ரேமில் பெயின்ட் அடைத்திருக்கும். அதோடு கீயை வைத்துத் திருகினால் மரை கோணலாக வெட்டும். தடுத்தால் நிறுத்தி, மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

இ. தகட்டை வாஷர் இல்லாமல் தளர்வாக மாட்டி, கிராங்கைத் திரும்பப் போட்டு, ரிங் கைடின் கூட்டுக்கு நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்த அளவுக்கு வாஷரைத் தேர்ந்தெடுங்கள். மூன்று போல்ட்டிலும் ஒரே கனம் இருக்க வேண்டும். இரண்டில் ஒரு வாஷர், மூன்றாவதில் எதுவும் இல்லை என்று மாட்டிய ஒருவரின் பைக் என்னிடம் வந்தது. பார்வைக்குக் கைடு நேராகத்தான் இருந்தது; செயின் மட்டும் ஒரு முனையில் உரசி, பிளாஸ்டிக்கை நூல் போலச் சீவியிருந்தது.

ஈ. கிராங்கை மீண்டும் எடுத்து, போல்ட்டில் ஒரு சொட்டு திரெட்லாக்கர் வைத்து, மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் தகடு சாய்ந்து உட்காரும். டார்க் அளவு கைடின் தாளிலேயே இருக்கும், அதுவே சட்டம். அவசியமில்லாத இடத்தில் பசை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் மேல் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

உ. கிராங்கைப் போடுங்கள், செயினை ரிங்கில் ஏற்றுங்கள். அகலப் பல் வெளி இணைப்புக்குள்தான் போகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

ஊ. மேல் கைடின் உயரம். செயினின் மேல்முகத்துக்கும் கூட்டின் கூரைக்கும் நடுவில் இரண்டு, மூன்று மி.மீ. இடைவெளி எனக்குச் சரியாக வந்திருக்கிறது. உங்கள் கைடின் தாள் வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். செயின் தடம் மாற வேண்டுமானால் பல்லின் உயரத்தைத் தாண்டி மேலே எழும்ப வேண்டும். கூரை அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழும்பவே முடியாது. உரசிவிடும் என்ற பயத்தில் கைடைத் தூக்கி வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. விரல் நுழையும் இடைவெளி விட்டுவிட்டு, கைடு போட்டும் விழுகிறதே என்கிறார்கள்.

எ. சுழற்சி. செயின் பக்கம் நின்று பார்த்தால் கூடு கடிகாரத்தின் 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலும் பின்னால் போனால் அங்கே செயின் கியருக்குக் கியர் அதிகம் அலைகிறது, கூட்டின் சுவரில் தட்டும். முன்னால் போனால் செயின் ஏற்கெனவே பல்லில் உட்கார்ந்துவிட்டது, காவலுக்குப் பயனில்லை.

9. ஸ்டாண்டில் சோதனை

பெரிய பல்சக்கரத்தில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள், கூட்டின் உள்சுவரைக் கவனியுங்கள். அப்புறம் சிறிய பல்சக்கரம், வெளிச்சுவர். இரண்டிலும் தொடாமல் போனால் நல்லது. ஒரு கோடியில் மட்டும் லேசாகத் தொட்டால் வாஷரைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இரண்டு கோடியிலும் தொட்டால் கூடு அதிகம் பின்னால் இருக்கிறது, 12 மணிப் பக்கம் நகர்த்துங்கள்.

உரசுகிறதா, இல்லையா என்று காதால் தெரியாதபோது, மெல்லிய காகிதத் துண்டைச் செயினுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். காகிதம் சுலபமாக வெளியே வந்தால் போதும்.

கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது உரசல் ஓரிடத்தில் மட்டும் வந்து போகிறதா? அப்படியானால் கைடில் குற்றமில்லை, ரிங் வளைந்திருக்கிறது. ரிங்கை நேராக்காமல் கைடைத் தள்ளிக்கொண்டே போனால் முடிவே இராது.

பின் சஸ்பென்ஷன் பைக்கானால் ஷாக்கின் காற்றை இறக்கி, சக்கரத்தை முழுதாக மேலே தள்ளுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கை கைடையோ அடித்தகட்டையோ தொடக் கூடாது. சாதாரணமாக நிற்கும்போது ஒரு விரல் இடைவெளி தெரிந்தாலும் முழு அழுத்தத்தில் மோதலாம். இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்களுக்கு முதல் பெரிய குதிப்பிலேயே ஃப்ரேமில் தழும்பு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

10. முதல் சில சவாரிகளில்

முதல் சவாரிக்குக் கடும் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபாருங்கள். புதிதாக மாட்டிய தகடு உட்காரும்போது பிடிப்பு சற்றுக் குறைவது உண்டு. போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை பார்த்ததுமே தெரிந்துவிடும்: கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

செயின் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் மிதித்து எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகச் சிக்கலாம். பின் டீரெய்லியரின் கேஜை முன்னால் தள்ளிச் செயினைத் தளர்த்தி, கூட்டைத் திறக்கும் போல்ட்டைக் கழற்றி எடுங்கள். பல கைடுகளில் அது ஒரே ஒரு போல்ட்தான். அதற்குரிய சிறிய கீ எப்போதும் பையில் இருக்கட்டும். பலரிடமும் பல கீகள் ஒன்றாக அடங்கிய மல்டிடூல் இருக்கும், அந்த ஒரு அளவு மட்டும் அதில் இருக்காது.

ரிங்கின் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் 8-ஆம் பகுதியின் ஊ, எ இரண்டையும் மறுபடி செய்யுங்கள். செயின் மட்டும் மாற்றினால் உயரத்தைத் தொட வேண்டாம், 9-இல் உள்ள காகிதச் சோதனை போதும்.